ஒன்பது மணி சீரியலும் 3.6 ஜிபியும்

சி.டி.எச். ரோட்டில், அம்பத்தூர் ஓ.டி. தாண்டி ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடை. உள்ளே போய், "தம்பி, டி.வி.ஆர். இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு சார். நாலு சேனலா, எட்டு சேனலா?"

"எட்டு எப்படிப்பா பத்தும்? தமிழ்ச் சேனலே அதுக்கு மேல இருக்கே."

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மொத்தம் எத்தனை கேமரா சார் மாட்டப் போறீங்க?"

அப்போதுதான் உறைத்தது. பாடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் இன்று டி.வி.ஆர். என்றால் சிசிடிவி பெட்டிதான். சென்னைப் போலீஸ் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் கடைக்குக் கடை, தெருவுக்குத் தெரு கேமரா வைக்கச் சொன்ன பிறகு அந்த மூன்றெழுத்து மளிகைக் கடைக்காரர் வாயிலும் சரளமாக வருகிறது. நான் தேடிப் போனது, டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்து நமக்கு ஒழியும் நேரத்தில் போட்டுப் பார்க்க உதவும் செட்டாப் பாக்ஸ்.

ஆவடியில் என் தங்கை வீட்டில் அப்படி ஒரு பாக்ஸ் ஏழெட்டு வருஷம் உழைத்துவிட்டு, போன தீபாவளிக்கு மறுநாள் மூச்சை நிறுத்திக்கொண்டது. அந்த வீட்டில் அது ஆடம்பரப் பொருளாக இருந்ததில்லை. மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட், ஒரு வாரம் செகண்ட் ஷிப்ட், ஒரு வாரம் நைட். செகண்ட் ஷிப்ட் வாரத்தில் பைக்கை நிறுத்திவிட்டுக் கை கால் கழுவி உட்காரப் பதினொன்றரை ஆகிவிடும். மேட்ச் முடிந்து, பரிசளிப்பும் முடிந்திருக்கும். தங்கையின் மாமியாருக்கோ எட்டரைக்கு மேல் கண் திறந்திருக்காது. ஒன்பது மணி சீரியலை மறுநாள் காலை ஆறு மணிக்குக் காபியோடு பார்ப்பதுதான் அந்த அம்மாவின் வழக்கம். பதிவு செய்து பிறகு பார்ப்பதை உலகம் 'டைம் ஷிப்ட்' என்கிறது. 1960களிலிருந்து சங்குக்குச் சங்கு ஆள் மாறும் எஸ்டேட்டைப் பக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

"மச்சான், நீங்கதான் இதெல்லாம் படிச்சவரு. புதுசா எது வாங்கலாம், எந்த பிளான் போடலாம், பாத்துச் சொல்லுங்க" என்று மாப்பிள்ளை என் தலையில் கட்டிவிட்டார். ஒரு மாதம் அதில் போனது. பாக்ஸைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் பிளானைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற ஒரு விஷயம் பிடிபடத்தான் அவ்வளவு நாள். ஏன் அப்படி என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும்.

எச்.டி. படம் ஒன்றில் 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். நம் ஊர் ஒளிபரப்பில் விநாடிக்கு 25 படங்கள். ஒரு புள்ளிக்குச் சராசரியாக 12 பிட் என்று வைத்தால் விநாடிக்கு 62 கோடி பிட். இதைச் சுருக்காமல் அப்படியே டிஸ்க்கில் எழுதினால் ஒரு மணி நேரத்துக்கு 280 ஜிபி. பழைய பாக்ஸில் இருந்தது 500 ஜிபி டிஸ்க். இரண்டு சீரியல் வைத்தால் நிரம்பிவிடும், மேட்ச் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதனால் சுருக்குகிறார்கள். சுருக்கும் தந்திரத்துக்குத் தமிழ் சீரியலைவிட நல்ல உதாரணம் கிடையாது. மருமகள் ஏதோ சொல்லிவிடுகிறாள். மாமியார் முகத்துக்கு கேமரா மூன்று தடவை பாய்கிறது, இடி இடிக்கிறது, முகம் அப்படியே நிற்கிறது. பின்னால் உள்ள சுவர், பூச்சட்டி, நெற்றிப் பொட்டு எதுவும் மாறவில்லை. 25 படத்தையும் முழுசாக அனுப்புவானேன்? ஒரு படத்தை முழுசாக அனுப்பு; அடுத்தடுத்த படங்களுக்கு 'முன்னதைப் போலவே, கண் மட்டும் கொஞ்சம் விரிந்தது' என்று வித்தியாசத்தை மட்டும் அனுப்பு. எம்பெக் முறைகளின் அடிப்படை இதுதான். சற்று இடைவெளி விட்டு ஒரு முழுப்படம், நடுவில் வெறும் வித்தியாசங்கள். 1990களில் வந்த எம்பெக்-2வை விட 2003ல் முடிவான எச்.264 அதே தரத்துக்கு ஏறக்குறையப் பாதி பிட்களில் வேலையை முடித்தது. 2007 டிசம்பரில் தொடங்கிய சன் டைரக்ட் எடுத்த எடுப்பிலேயே இந்தப் புதிய முறைக்குப் போனதற்கு இந்தச் சிக்கனமே காரணம்.

மேட்ச் வேறு சங்கதி. புல்லின் ஒவ்வொரு இழையும், கூட்டத்தின் ஒவ்வொரு கொடியும் ஆடுகிறது. கேமராவோ பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. வித்தியாசம் மட்டும் அனுப்புவது என்றாலும் எல்லாமே வித்தியாசமாக இருக்கும். எனவே ஒரு மணி நேர சீரியலும் ஒரு மணி நேர மேட்ச்சும் டிஸ்க்கில் ஒரே இடத்தைப் பிடிப்பதில்லை. பாக்ஸில் 'மீதி இத்தனை மணி நேரம்' என்று காட்டும் எண் ஒரு உத்தேசக் கணக்குதான்.

ஒரு நல்ல எச்.டி. சேனலுக்கு விநாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். எட்டு பிட் ஒரு பைட். ஆக விநாடிக்கு 1 மெகாபைட், மணிக்கு 3.6 ஜிபி. 280 எங்கே, 3.6 எங்கே! இந்த 3.6ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும். 500 ஜிபியில் இப்படி 138 மணி நேரம் கொள்ளும். எஸ்.டி. படத்தில் 720க்கு 576 புள்ளிகள்தான், எச்.டி.யில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. விநாடிக்கு 2 மெகாபிட் போதும் என்று கொண்டால் அதே டிஸ்க்கில் 550 மணி நேரம். எச்.டி. பாக்ஸ் வாங்கி, எச்.டி. டிவி மாட்டி, பிளானில் எஸ்.டி. சேனலை மட்டும் வைத்திருக்கும் வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம். படம் ஏன் கலங்கலாக இருக்கிறது என்று டிவியைத் திட்டுவார்கள்.

சிசிடிவி கடைப் பையனிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது அவன் சிரித்தான். "எங்களுக்கும் அதே கணக்குதான் சார். கேமராவுக்கு ரெண்டு எம்.பி. செட் பண்ணுவோம். நாலு கேமரா எட்டு. ஒரு டெரா போட்டா பதினோரு நாள் நிக்கும்." சரிதான். மணிக்கு 3.6 என்றால் நாளுக்கு 86.4 ஜிபி, 1,000 ஜிபிக்குப் பதினோரு நாள் சொச்சம். அதன் பிறகு பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும்.

டிஸ்க் ஒன்று, சுருக்கும் முறை ஒன்று, கணக்கும் ஒன்று. சிசிடிவி பெட்டிக்கு மாதச் சந்தா கிடையாது, இதற்கு மட்டும் ஏன்? கேமராப் பெட்டி தானே படத்தைச் சுருக்குகிறது. அதற்கென்று உள்ளே ஒரு சிப். படம் உங்கள் வாசலுடையது, டிஸ்க்கைக் கழற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தாலும் ஓடும். டிவி பதிவுப் பெட்டியோ எதையும் சுருக்குவதில்லை. ஸ்டூடியோவிலேயே சுருக்கி, பூட்டி, விண்ணுக்கு அனுப்பி, அங்கிருந்து வந்து விழும் பிட்களை எடுத்து டிஸ்க்கில் அடுக்குகிறது, அவ்வளவுதான். சாவி வேறிடத்தில் இருக்கிறது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், நாம் ரீசார்ஜ் செய்ததும் கால் சென்டரில், "பாக்ஸை ஆன்ல வெச்சிருங்க சார், பதினஞ்சு நிமிஷத்துல வந்துரும்" என்று ஏன் சொல்கிறார்கள் என்பது விளங்கிவிடும். சேனலைத் திறக்கும் சாவி சில விநாடிகளுக்கு ஒரு முறை மாறுகிறது. மாறும் சாவியும் பூட்டிய நிலையில் படத்தோடு சேர்ந்தே வருகிறது. அந்தச் சாவியைத் திறக்கும் அனுமதி உங்கள் ஸ்மார்ட் கார்டிலோ சிப்பிலோ இருக்க வேண்டும். அந்த அனுமதியும் விண்ணிலிருந்துதான் வரும்: 'இன்ன எண்ணுள்ள பாக்ஸுக்கு இன்ன சேனல்கள், இன்ன தேதி வரை.' லட்சக்கணக்கான பாக்ஸுகளுக்கான ஆணைகள் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் முறை வரும்போது பாக்ஸ் விழித்திருக்க வேண்டும்.

பதிவு செய்யும்போது இன்னொரு பூட்டும் விழுகிறது. அந்த பாக்ஸின் சிப்புக்கு மட்டுமே உரிய ஒரு சாவியால் பதிவை மறுபடி பூட்டி டிஸ்க்கில் வைக்கிறார்கள். வேறு பாக்ஸில் அந்த டிஸ்க்கை மாட்டினால், கம்பெனியும் மாடலும் ஒன்றாகவே இருந்தாலும், பேசாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு பாக்ஸில் இளையராஜா கச்சேரி ஒன்று, பொங்கல் பட்டிமன்றங்கள் மூன்று, பழைய சிவாஜி படங்கள் ஏழெட்டு இருந்தன. பாக்ஸ் போனாலும் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஸ்க்ரூ டிரைவரால் திறந்து, டிஸ்க்கை உருவி, என் கம்ப்யூட்டரில் செருகினேன். 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா?' என்று பணிவாகக் கேட்டது கம்ப்யூட்டர். பின்னால் நின்ற மாமியார் அம்மா, "சிவாஜி இருக்காரா தம்பி?" என்றார். இருந்தார், வெளியே வர வழியில்லாமல். கம்பெனிக்குப் போன் செய்தபோது, பதிவுகளைப் புதுப் பெட்டிக்கு மாற்றும் வசதி இல்லை என்று ஒரு பெண் இனிமையாகச் சொல்லி, அதே மூச்சில் ஒரு வருட பிளானை எடுத்தால் பாக்ஸில் தள்ளுபடி உண்டு என்றார். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. எங்கே போனாலும் பூட்டு பூட்டுதான். பல பெட்டிகளில் பாக்ஸ் நன்றாக இருந்தாலும்கூடச் சந்தா தீர்ந்துவிட்டால் பழைய பதிவு ஓடாது.

'டெக்' காலத்தில் வளர்ந்தவனுக்கு இது ஜீரணமாவதில்லை. அன்று வாடகைக்கு டெக் எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்ப்போம். யாராவது தூர்தர்ஷனில் இருந்து எதையாவது பதிந்து வைத்திருந்தால் அந்த கேசட் தெரு முழுக்கச் சுற்றும். டேப்புக்குப் பூட்டு இல்லை. அமெரிக்காவில் படக் கம்பெனிகள் சோனியின் பீட்டாமேக்ஸ் மீது போட்ட வழக்கில், வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது குற்றமில்லை என்று 1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் கதையே வேறு. அடுத்த தலைமுறைப் பெட்டிகள் நீதிமன்றம் போகாமலேயே விஷயத்தை முடித்துக்கொண்டன, பூட்டு போட்டு. 1999ல் டிவோ என்ற பெட்டி அங்கே விற்பனைக்கு வந்தது. அதற்கு அவர்கள் வாங்கிய சந்தா நிகழ்ச்சி அட்டவணைக்காக. எந்த சேனலில் எத்தனை மணிக்கு என்ன என்ற பட்டியல் இல்லாவிட்டால் பெட்டிக்கு எதைப் பதிவது என்றே தெரியாது. மாதச் சந்தா, வருடச் சந்தா, பெட்டியின் ஆயுள் வரைக்குமான சந்தா என்று மூன்று விதமாக விற்றார்கள். 'ஆயுள்' என்றது வாங்கியவரின் ஆயுளை இல்லை, பெட்டியின் ஆயுளை. 2025ல் டிவோ பெட்டி விற்பதையே நிறுத்திவிட்டது. நம் ஊரில் டாடா ஸ்கை (இன்றைய டாடா பிளே) 2008ல் டிஸ்க் வைத்த பெட்டியைக் கொண்டுவந்தது. இப்போது அந்த வகைப் பெட்டி கடைகளில் அரிதாகிவிட்டது.

டிஸ்க் உள்ளவற்றில் விலை ஏறக் காரணம் டிஸ்க் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரிய வித்தியாசம் மொட்டை மாடியில் இருந்தது. விசாரித்த அன்று மாடிக்கு வந்த டெக்னீஷியன், "ரெண்டு டியூனர் பாக்ஸ்னா ரெண்டு ஒயர் இழுக்கணும் சார், எல்.என்.பி.யும் மாத்தணும்" என்றார். டிஷ்ஷின் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதுதான் எல்.என்.பி. விண்ணிலிருந்து வரும் அலை 11, 12 கிகாஹெர்ட்ஸ் அளவில் அதிரும். அதை அப்படியே ஒயரில் விட்டால் மாடிப்படி இறங்குவதற்குள் செத்துவிடும். அதனால் எல்.என்.பி. அதிர்வை இரண்டு கிகாஹெர்ட்ஸ் அளவுக்குள் இறக்கி ஒயரில் அனுப்புகிறது. அலைகள் செங்குத்தாக ஒன்று, கிடையாக ஒன்று என இரண்டு தினுசில் ஆடி வருகின்றன. எது வேண்டும் என்று பாக்ஸ் கேட்பது அதே ஒயரில் அனுப்பும் மின்னழுத்தத்தால்: 13 வோல்ட் என்றால் செங்குத்து, 18 வோல்ட் என்றால் கிடை. ஒரு ஒயரில் ஒரே சமயத்தில் 13ம் 18ம் போக முடியாது. ஒரு சேனலைப் பதிந்துகொண்டே தினுசு மாறிய இன்னொரு சேனலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது ஒயர் வேண்டும். ஒன்பது மணிக்கு மேட்ச்சும் உண்டு, சீரியலும் உண்டு என்ற வீட்டில் இதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. டிஸ்க் அரை டெராவா ஒரு டெராவா என்பது அதற்குப் பிறகு.

அந்த மாடியில் நின்று பார்த்தால் பட்டாபிராம் பக்கம் வரைக்கும் டிஷ்ஷுகள் தெரியும். பெயரைப் படிக்காமலேயே எந்த வீட்டில் எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடலாம். டாடா பிளேயின் செயற்கைக்கோள்கள் 83 பாகை கிழக்கில் நிற்கின்றன, ஏறக்குறைய நம் தலைக்கு நேர் தெற்கே. சென்னையிலிருந்து 74 பாகை உயரம், அண்ணாந்து பார்க்க வேண்டும். சன் டைரக்டுக்கு 93.5 பாகை, டிஷ் சரியாகத் தென்கிழக்கே, வாஸ்துக்காரர்கள் பாஷையில் அக்னி மூலையைப் பார்த்து நிற்கும். ஏர்டெல்லுக்கு 108.2 பாகை. கிழக்கே சாய்ந்து, 54 பாகை உயரத்தில். பக்கத்து மனையில் நாலு மாடி எழும்பினால் முதலில் அடிபடுவது இப்படித் தாழப் பார்க்கும் டிஷ்தான். கம்பெனி மாறினால் பாக்ஸை மட்டும் மாற்றினால் போதாது, டிஷ்ஷையும் திருப்ப வேண்டும். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்கோளாறு வந்து பாதி டிரான்ஸ்பாண்டர்கள் அணைந்தபோது, சன் டைரக்ட் பக்கத்திலிருந்த மலேசியாவின் மியாசாட்-3க்கு மாறியது. வானத்தில் இரண்டு பாகை வித்தியாசம். அதற்காகத் தமிழ்நாட்டு மாடிகளில் எத்தனை டிஷ்ஷுகளைத் திருப்பினார்களோ!

ஐப்பசி, கார்த்திகையில் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர். கனமழைத் துளி சில மில்லிமீட்டர். அலையோடு ஒப்பிடும்படியான அளவில் துளி இருப்பதால் அதை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கிறது. சேதம் ஓரளவு வரைக்கும் பாக்ஸே சரிக்கட்டிவிடும், அதற்கென்று கூடுதல் பிட்கள் வருகின்றன. அந்த எல்லை தாண்டினால் முகம் கட்டம் கட்டமாக உடையும். நடுவில் 'கொஞ்சம் மங்கல்' என்ற நிலை டிஜிட்டலில் கிடையாது. பதிவுப் பெட்டியில் ஒரு கூடுதல் கொடுமை: அந்த மழையும் பதிவாகிவிடுகிறது. அடுத்த சித்திரை வெயிலில் போட்டுப் பார்த்தாலும் கார்த்திகை மழை அங்கேயே பெய்யும்.

வெயில் என்றதும் டிஸ்க். எங்கள் வீடுகளில் செட்டாப் பாக்ஸ் இருக்கும் இடம் ஷோகேஸின் அடித்தட்டு. தூசி படாமல் இருக்கக் குரோஷா துணி ஒன்று போர்த்தியிருக்கும், அதன் மேல் ஒரு பிள்ளையார். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைத் தொடாமல், தலைமுடியின் தடிமனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த உயரத்தில் ஒரு முள் பறக்கிறது. மே மாத ஆவடியில் அதற்குப் போர்வை வேறு. இதில் பலர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. ஓடும் நிகழ்ச்சியை நிறுத்தி வைத்துப் பார்க்கும் வசதி உள்ள பெட்டி, நாம் ரெக்கார்ட் அழுத்தாவிட்டாலும் பார்க்கும் சேனலை டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும். ராத்திரி டிவியை மட்டும் அணைத்துவிட்டு பாக்ஸை அப்படியே விட்டுப் படுப்பதுதானே நம் வழக்கம்? அது விடிய விடிய எழுதும். நாளுக்கு அதே 86.4 ஜிபி. தங்கை வீட்டு டிஸ்க் இத்தனை வருஷம் தாங்கியது அதன் பெருந்தன்மை.

யு.எஸ்.பி.யில் பதியும் பாக்ஸ் என்றால் டிஸ்க் வெளியே, காற்றோட்டமாக. ஆனால் அங்கே பென் டிரைவைச் செருகுகிறார்கள். விநாடிக்கு 1 மெகாபைட் எழுத எந்த பென் டிரைவாலும் முடியும், சராசரியாகப் பார்த்தால். மலிவான பென் டிரைவ் நடு நடுவே தன் உள்வேலைக்காக ஒரு கணம் நின்றுவிடும், மேட்ச் நிற்காது. அந்தக் கணத்தில்தான் விக்கெட் விழும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்ன போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் வாங்கிச் செருகுவதே மேல்.

இனி பிளான். செட்டாப் பாக்ஸ் பாடத்தை நாட்டில் முதலில் படித்த பெருநகரம் சென்னை. 2003 செப்டம்பர் 1லிருந்தே கட்டணச் சேனலுக்கு பாக்ஸ் வேண்டும் என்ற ஏற்பாடு இங்கே நடைமுறைக்கு வந்தது. இன்று நாம் கட்டும் பில்லின் அமைப்பு 2019 பிப்ரவரியில் வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகளிலிருந்து பிறந்தது. அதற்கு முன் அந்த விதிகள் சென்னை உயர் நீதிமன்றம், பிறகு உச்ச நீதிமன்றம் என்று ஏறி இறங்கின. பில்லில் இரண்டு பகுதி. ஒன்று கம்பிக்கும் டிஷ்ஷுக்குமான அடிப்படைக் கட்டணம். தொடக்கத்தில் 130 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு; 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பை டிராய் எடுத்துவிட்டது. இன்னொன்று சேனல்களின் விலை, தனித்தனியாகவோ கொத்தாகவோ. கம்பெனிக்காரர்கள் முதலில் நீட்டுவது கொத்து. அதில் நீங்கள் எந்தக் காலத்திலும் பார்க்காத இருபது சேனல் இருக்கும். பதிவுப் பெட்டி வைத்திருப்பவர் செய்ய வேண்டியது எளிது: போன மாதம் எதை எதைப் பதிந்தீர்கள் என்று ரெக்கார்டிங் பட்டியலைத் திறந்து பாருங்கள். தங்கை வீட்டில் அப்படிப் பார்த்த ஞாபகத்தில் எழுதினோம். ஐந்தே சேனல். அதில் எச்.டி.யாக வேண்டியது இரண்டு.

பெட்டிகள் எந்தக் கம்பெனிக்கும் பொருந்த வேண்டும் என்று 2020 ஏப்ரலில் டிராய் பரிந்துரைத்தது. அது சி.டி.எச். ரோட்டுக் கடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வரும் வரை ஒரு வருட பிளானைக் காட்டித் தரும் பாக்ஸ் தள்ளுபடியை நான் நம்ப மாட்டேன். இடையில் பாக்ஸ் போனால் பதிவும் போகும், கம்பெனி மாறலாம் என்றால் கட்டிய பணம் பிடித்து வைக்கும்.

"இதெல்லாம் எதுக்கு மாமா? ஆப்ல வருதே" என்றாள் மருமகள், தங்கையின் பெண், ப்ளஸ் டூ. அவள் சொன்னதில் தப்பில்லை. 3.6 ஜிபி வீட்டு டிஸ்க்கில் தங்காமல் யாரோ ஒருவரின் சர்வரில் தங்குகிறது, கேட்கும்போது வருகிறது. சன் நெக்ஸ்ட் 2017லிருந்தே இருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகிவிட்டன. வீட்டுக்கு ஃபைபர் வந்திருந்தால் சீரியலுக்கு அதுவே போதும். மொபைல் டேட்டாவை நம்பினால் கணக்கு உதைக்கும்: நாளுக்கு 1.5 ஜிபி ரீசார்ஜில் ஒரு மணி நேர எச்.டி. பார்ப்பது இரண்டு நாள் டேட்டாவுக்கு மேல். சில ஆப்களில் மலிவான பிளான் மொபைலுக்கு மட்டும்தான், டிவியில் ஓடாது. மாமியார் அம்மாவின் கண்ணுக்கு ஆறு அங்குலத் திரை ஆகாது.

மாப்பிள்ளை ஆப்பை ஒரே வார்த்தையில் தள்ளினார். "திறந்தவுடனே ரிசல்ட்டைப் போட்டுர்றான் மச்சான்." செகண்ட் ஷிப்டில் போனைப் பையிலேயே வைத்து, கேன்டீனில் யாரும் ஸ்கோர் சொல்லிவிடாமல் காதைப் பொத்திக்கொண்டு, பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே கோப்பையோடு சிரிக்கிறார்கள். டிஸ்க் அப்படிக் காட்டிக்கொடுக்காது.

கடைசியில் முடிவானது இது. இரண்டு டியூனர் வேண்டாம், இரண்டாவது ஒயரும் வேண்டாம். சீரியல் ஃபைபர் வழியாக ஆப்பில், காலை ஆறு மணிக்கு, பெரிய டிவியில். மேட்ச்சுக்கு யு.எஸ்.பி. பதிவுள்ள சாதாரண எச்.டி. பாக்ஸ், 500 ஜிபி போர்ட்டபிள் டிஸ்க். மாதா மாதம் ரீசார்ஜ், சேனல் ஐந்து. குரோஷா துணி பிள்ளையாருக்கு அடியிலிருந்து ஃபிரிட்ஜ் மேலே போனது. சிவாஜி டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய மாமியார் அம்மா சம்மதிக்கவில்லை. அது பீரோவில் இருக்கிறது.

டைமர் போடும்போது முடியும் நேரத்துக்கு மேல் அரை மணி கூட்டிப் போடுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தேன். பாக்ஸுக்கு மேட்ச் எப்போது முடியும் என்று தெரியாது. டிவோ காலத்திலிருந்து அதற்குத் தெரிந்தது அட்டவணை ஒன்றுதான். சேனல்காரர் பதினொன்று என்று எழுதியிருந்தால் பதினொன்றுக்கு மூடிவிடும், பந்து காற்றில் இருந்தாலும்.

முதல் செகண்ட் ஷிப்ட் வாரம், வியாழக்கிழமை, ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது. தூக்கக் கலக்கத்தில் எடுத்தேன்.

"மச்சான், ஆறு பால்ல பதினாலு வேணும். அதோட நின்னுபோச்சு. யாரு ஜெயிச்சா?"